நீலச் சட்டையின் கழுத்தளவு

கடையிலிருந்து,
திங்கள் காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் பதிலில் முதல் வரியிலேயே அதை எழுதிவிடு, கடைசிவரை இழுத்தடிக்காதே. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. தையல் மெஷின் மிதிக்கிற காலுக்கு வலி வராமல் வேறு யார் காலுக்கு வரும் என்று டாக்டர் கேட்டார். அதைக் கேட்பதற்காக அரை நாள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சேதியை நீ எனக்குச் சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் கோபம்தான். கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறாளே, நாங்கள் வானொலி என்று கூப்பிடுகிறவள், அவள்தான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்று ஒலிபரப்பினாள். உன்னைப் புகழ் மண்டபத்தில் வைக்கப் போகிறார்கள் என்றாள். உயிரோடு இருக்கிற ஆளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளையே கேட்டேன். பிறகு அவள் பேப்பரைப் பிரித்துக் காட்டினாள். பழைய படம், இடது கன்னம் குழிய நீ சிரித்துக்கொண்டு நிற்பது. பந்து உதைக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து என் பின்னால் ஒளிந்துகொண்ட பயலுக்கு இத்தனை பெரிய எழுத்தில் பெயர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பேப்பரை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த வயதில் நீ, அந்தச் சிரிப்பு, அந்தக் கன்னக்குழி. என் மகன், எங்கள் பொடியன், மாமனை உரித்து வைத்திருக்கிறான் என்று அப்போது சொல்லாதவர்கள் யார்? வீட்டில் இருக்கிற அவன் படங்களையெல்லாம் உன் அத்தான் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தவர் வைத்தவர்தான். துடைக்கும்போது நான் திருப்பினால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அவருக்கும் சேதி மைதானத்திலேயே எட்டியிருக்கிறது. சாயங்காலம் வந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "உன் தம்பிக்கு மரியாதை பண்றாங்களாம், நல்லது" என்றார். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் வாயிலிருந்து ஒரு நல்லது வந்திருக்கிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

அவர் வேலை இன்னும் அதேதான். நீல அணியின் மைதானத்தில் புல் வெட்டுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் கதவுகளுக்கு வர்ணம் அடிப்பதும். பொடியன் விழுந்த கிழக்கு வாசல் படிகளுக்கும் அவர்தான் வெள்ளை அடிக்கிறார். வேறு ஆளை விடச் சொன்னால் கேட்பதில்லை.

மண்டபத்தைக் கட்டியது நீ கடல் தாண்டிப் போன பிறகு. அதன் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது, சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு சிலை, சிலைக்கு ஒரு அணியின் நிறம் என்றுதான் வைத்திருந்தார்கள். ஒரே அணியில் ஆடி ஓய்ந்தவர்களுக்கு அது சரியாகப் போனது. இரண்டு அணிக்கு ஆடியவர் ஒருவரின் சிலைக்கு எந்த நிறம் அடிப்பது என்பதில் கைகலப்பாகி, சிலைக்கு மூக்கு போயிற்று. பாவம், மூக்கில்லாமலே வெகுநாள் நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஏற்பாடு. பல அணிகளுக்கு ஆடியவர் எல்லா அணிச் சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். முதலில் ஆடிய அணியின் சட்டை உடம்போடு ஒட்டி, கடைசியாக ஆடியது எல்லாவற்றுக்கும் மேலே. ஒவ்வொரு அணியின் சார்பாகவும் ஒருவர் மேடை ஏறுவார். சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் தலைவழியே தூக்கிக் கழற்றி, தானே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவார். எல்லாச் சட்டையும் ஒரே உயரத்தில் தொங்கும். யாரும் மேலே இல்லை, யாரும் கீழே இல்லை. கடைசியில் பனியனோடு நிற்கிறவருக்கு மண்டபத்தின் கோட் ஒன்றை மாட்டிவிடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பருத்த உடம்புக்காரர் ஒருவர் நாலு சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு தவித்தபோது நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

உனக்கு மூன்று. உள்ளே எங்கள் நீலம், நடுவில் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மஞ்சள், மேலே உன் இப்போதைய ஊரின் வெள்ளை.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தால் கை ஓடவில்லை. வருவதா வேண்டாமா என்று நன்றாக யோசித்து முடிவு செய். பதிலைக் கடை முகவரிக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம். போனும் வேண்டாம். போன் மணி அடித்தால் உன் அத்தான் எங்கே இருந்தாலும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

குழந்தைகளுக்கு என் முத்தம்.

உன்
அக்கா.


கடையிலிருந்து,
புதன், மதிய நேரம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகள் படம் அழகாக இருக்கிறது. மூத்தவளுக்கு உன் மூக்கு, இளையவனுக்கு நல்லவேளையாக உன் மனைவியின் மூக்கு. மரியாதைக்காக இல்லை, அத்தான் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொடியனின் சாவு வீட்டு வாசலில் கதவைச் சாத்திய மனுஷன், இப்போதாவது திறக்க மாட்டாரா என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தேன். இப்போது நான் எழுதப் போவதை நிதானமாகப் படி.

நீல அணியின் நிர்வாகத் தலைவர் போன வாரம் கடைக்கு வந்தார். கிடங்கின் கூரை ஒழுகி, உன் பழைய சட்டை இருந்த பெட்டி மொத்தமும் மக்கிப்போய்விட்டதாம். அதே மாதிரி ஒன்று புதிதாகத் தைத்துத் தர வேண்டும் என்றார். தம்பிக்கு அக்காதானே தைக்க வேண்டும் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தக் காலத்துக் கனமான பருத்தித் துணியைத் தேடிப் பிடித்து அவரே கொண்டுவந்திருந்தார். நானும் மகிழ்ச்சியாகத்தான் அளவு நாடாவை எடுத்தேன். சட்டையை வாங்கிக்கொள்ள மேடை ஏறப்போவது யார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். உன் அத்தான் என்றார். மச்சானும் மச்சினனும் மேடையில் கட்டிப்பிடித்தால் அழாதவர்கள் இருக்க மாட்டார்கள், படம் எல்லாப் பேப்பரிலும் வரும் என்றார்.

இது யாருடைய யோசனை என்று கேட்டேன். மண்டபத்துக்காரர்களுடையதாக இருக்கும், இல்லை இவருடையதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அவரே வந்து கேட்டாரும்மா. வாயைத் திறந்து ஒண்ணு கேட்காத மனுஷன், கேட்டுட்டாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

தலைவர் போன பிறகு வானொலி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஏன் பயம் என்று அவளுக்குப் புரியவில்லை. சமாதானம் வந்தால் நல்லதுதானே அக்கா என்றாள். நல்லதுதான். ஆனால் சமாதானம் தேடுகிறவர் என்னிடம் முதலில் சொல்லியிருப்பார். அணி ஆபீசுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்க மாட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரே பேச்செடுத்தார். எந்த அளவில் தைக்கப் போகிறாய் என்றார். தம்பி கொஞ்சம் சதை போட்டிருப்பான், கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். "கேட்க வேணாம். பழைய அளவுலயே தை. கழுத்து இறுக்கமா இருக்கட்டும். அப்பல்லாம் அப்படித்தானே இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

அவர் மாறியிருக்கிறார் தம்பி. தாடியை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு முன் நின்று தலை வாருகிறார். குளிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறார். என்ன, மாப்பிள்ளை ஆகப் போகிறீர்களா என்று கேலி செய்தேன். ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நல்ல காலம் வந்தால் இப்படிப் பயமாக இருக்குமா?

எதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். நாம் இருவரும் அதைப் பேசியதே இல்லை. கடைசி நிமிஷத்தில் எங்கள் நீலத்துக்கு எதிராக மஞ்சளுக்காக நீ கோல் போட்டாய். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆத்திரத்தில் எழுந்து கிழக்கு வாசலில் இறங்கினார்கள். கோல் செல்லாதாம் என்று யாரோ கத்த, இறங்கியவர்கள் அப்படியே திரும்பி ஏறினார்கள். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் நடுவில் பொடியன். அதுவரை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எங்களிடம் கொடுத்த பையில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியாது. இரண்டு சட்டை இருந்தது. மேலே நீலம், அப்பாவுக்காக. உள்ளே மஞ்சள், மாமாவுக்காக. அவன் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அந்த மஞ்சள் சட்டையை உன் அத்தான் போடக் கூடாது என்றிருந்தார். அவன் யாரையும் விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறு என்ன வழி தோன்றும்?

இரண்டு சட்டையில் கழுத்து இறுகித்தான் அவனுக்கு மூச்சு நின்றது என்று உன் அத்தான் அங்கேயே சொன்னார். டாக்டர் அது காரணம் இல்லை என்றார். அத்தனை பேர் மேலே விழுந்தால் ஒரு சட்டை என்ன, இரண்டு சட்டை என்ன என்றார். அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. உன் சட்டைதான் என்று அன்றைக்கு முடிவு செய்தவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது நீ சட்டைமேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்கப் போகிறாய்.

உன்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை என்று எழுதினால் பொய். இருந்தது. நான் பெற்றவள். ஆனால் கோல் போடுவது உன் வேலை, மாமா ஆட்டத்தைப் பார்க்கப் போவது அவன் ஆசை. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? கோபம் கரைந்துபோய்விட்டது. பயம்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்துவிடு. சட்டையை மட்டும் அனுப்பினாலும் மண்டபத்தில் ஏற்றுக்கொள்வார்கள், செயலாளரை நான் கேட்டுவிட்டேன்.

உன்
அக்கா.


கடையிலிருந்து,
திங்கள்.

தம்பி,

டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அத்தான் என்ன செய்தாலும் செய்யட்டும், நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வீர வசனமெல்லாம் எனக்கு வேண்டாம். தலையைக் குனிந்து நிற்க உனக்குச் சுலபம். பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவள் நான்.

சனிக்கிழமை மத்தியானம் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். கதவு தாழிடவில்லை. முன்னறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஓரம் மடிப்பதற்காக நான் வீட்டில் வைத்திருந்த உன் நீலச் சட்டையை, தன் சட்டைக்கு மேலேயே போட்டுக் கழற்றப் பார்த்திருக்கிறார். அது பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே, முகம் முழுக்கத் துணிக்குள். மாட்டிக்கொண்டவர் திமிறுவார் இல்லையா? அவர் திமிறவில்லை. அசையாமல் நின்றார். வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்துக் கழற்றினேன்.

கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஒண்ணும் தெரியாம இருக்கும்னு பாத்தேன்" என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். சட்டையை மேசைமேல் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தார். கழுத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துத் தைக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் பொடியனை நினைத்துத்தான் அப்படி நின்றாரோ என்று ஒரு மனம் சொல்கிறது. அந்தப் படிக்கட்டில் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று தானும் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம், தகப்பன் இல்லையா? அப்படி நினைத்தால் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது. இன்னொரு மனம் வேறு சொல்கிறது. மேடையில் சட்டை கழுத்தில் மாட்டி நிற்கும் நேரத்தில் உனக்கு முன்னால் நிற்பது யார் என்று உனக்குத் தெரியாது. உன் இரண்டு கையும் மேலே இருக்கும். எதையும் தடுக்க வராது.

கத்தரிக்கோல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஆணியில் தொங்குமே, துணி வெட்டுகிற பெரிய கத்தரி, அதைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று உன் அத்தான் வாங்கிக்கொண்டு போனார். கேட்டபோதெல்லாம் இன்னும் ஆகவில்லை என்றார். நான் நேற்று காலை சாணை பிடிக்கிறவரிடமே போனேன். கொடுத்த அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "முனையைத்தான் நல்லா கூராக்கச் சொன்னாரு. துணி வெட்டுறதுக்கு முனை எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சாரு" என்றார் அவர். நானும் அங்கே நின்று சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது? திரும்பி வரும் வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலி என்று நினைத்து யாரோ எழுப்பிவிட்டார்கள்.

அணித் தலைவரிடம் போனேன். மேடைக்கு வேறு ஆளை ஏற்றுங்கள், அவருக்கு மனசு தாங்காது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. என் புருஷனைப் பற்றி நானே எப்படி அதைச் சொல்வேன்? சொன்னாலும் என்ன இருக்கிறது என் கையில்? தையல்காரி வீட்டுக் கத்தரிக்கோல் காணவில்லை என்றால் யார் கேட்பார்கள்? தலைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, அவர் வாயில்லாப் பூச்சி அம்மா, நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள் என்றார். பூச்சிதான். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் யார்மேலும் கையை ஓங்கியதில்லை, நாய் குறுக்கே வந்தாலும் நின்று வழிவிட்டுப் போவார். அவரிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தரி எங்கே என்றேன். பத்திரமாக இருக்கிறது என்றார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். எத்தனையோ காலமாக இல்லாத பிரியம். அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு எதுவும் கேட்க முடியவில்லை.

வராதே. அக்கா சொல்கிறேன், இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் உன் சட்டை தொங்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எனக்கு நீயும் வேண்டும், அவரும் வேண்டும். ஒரே மேடையில் இரண்டு பேரையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

உன்
அக்கா.


கடையிலிருந்து,
விழாவன்று காலை.

தம்பி,

வந்துவிட்டாய். மண்டபத்து விருந்தினர் அறையில் தங்கியிருக்கிறாய் என்று வானொலி விடியற்காலையிலேயே தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். இனி வராதே என்று எழுதிப் பயனில்லை. உன்னை வந்து பார்க்க எனக்கு ஆசை. ஆனால் வந்தால் அழுவேன். அழுத முகத்தோடு வீட்டுக்குப் போனால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் இந்தக் கடிதத்தையும் சட்டையையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் நிற்கும்போதே படி.

வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கிறது. நேற்று ஆட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் மைதானத்துக்குப் போய்ப் புதிதாகக் கோடு போட்டுவிட்டு வந்தார். கிழக்கு வாசல் படிகளைக் கழுவியிருக்கிறார். வரும்போது சாவிக்கொத்தை உதவியாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இடுப்பிலிருந்து அந்தச் சாவி இறங்கி நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு இனி அவன் பார்த்துக்கொள்வான் என்றார். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். அவர் நன்றாகத் தூங்குவதைப் பார்த்துப் பயந்துகொண்டு நான் விழித்திருந்தேன். இப்போது விழாவுக்குப் போடும் கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். அந்தக் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்க்கக்கூட அவர் என்னை விடவில்லை.

இனி சட்டைக்கு வருகிறேன், கவனமாகக் கேள். வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய நீலச் சட்டைதான். கழுத்தையும் அவர் சொன்ன அளவில்தான் வைத்திருக்கிறேன், அவர் தொட்டுப் பார்ப்பார். ஆனால் முன்பக்கம் நடுவில், கழுத்திலிருந்து கீழ் ஓரம்வரை வெட்டிவிட்டேன். உள்பக்கம் பட்டி வைத்து, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டன் தைத்திருக்கிறது. மூடினால் வெட்டே தெரியாது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் திறந்துவிடும். பெரிய கத்தரி இல்லாமல் சின்னதில் வெட்டியதால் கோடு கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது, மன்னித்துக்கொள். பட்டன்களை வானொலிதான் தைத்தாள். ஏன் இப்படி என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு விஷயத்தை அவள் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

வெள்ளையும் மஞ்சளும் வழக்கப்படி தலைவழியே போகட்டும். அப்போது அவர் மேடைப் படிக்குக் கீழே வரிசையில் நிற்பார். நான் முன்வரிசையில் இருப்பேன், என் கண் அவர் கையை விட்டு நகராது. அந்த இரண்டு தடவையும் நீ பயப்பட வேண்டாம். மூன்றாவதாக அவர் படி ஏறி வருவார். அவர் உன் சட்டை ஓரத்தைப் பிடிப்பதற்கு முன்னால், நீயே இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து இழுத்து முன்பக்கத்தைத் திறந்துவிடு. கோட்டைக் கழற்றுவது போலத் தோளிலிருந்து கழற்றி அவர் கையில் கொடு. மண்டபத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், வழக்கம் கெட்டது என்பார்கள். பழியைத் தையல்காரிமேல் போடு. உன் தலைக்கு மேலே அந்தத் துணி போகவே கூடாது. ஒரு கணம்கூட உன் முகம் அவருக்கு மறையக் கூடாது.

தலையைக் குனிந்து நிற்பேன் என்று எழுதியிருந்தாயே, குனியாதே. அவரை நேராகப் பார். இத்தனை வருஷமாக அவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. படங்களைத் திருப்பி வைத்ததே பார்த்தால் தாங்காது என்றுதான். முகம் தெரியாத ஒரு ஆளை அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு அவரால் கையைத் தூக்க முடியாது. நான் அவரோடு குடித்தனம் செய்தவள், எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நம்புகிறேன். உனக்கு வயதாகிவிட்டது, நரை விழுந்திருக்கும், சதை போட்டிருப்பாய். ஆனாலும் பொடியன் அந்த முகத்தில்தான் இருப்பான். வளர்ந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றட்டும்.

சிரிக்க வேண்டாம், அவருக்குக் கோபம் வரும் என்று எழுத வந்தேன். வேண்டாம் தம்பி, சிரி. அத்தானைப் பார்த்து, இடது கன்னம் குழியச் சிரி.

என் பிள்ளைக்குக் கிடைக்காத வயதெல்லாம் உனக்குக் கிடைக்கட்டும்.

முன்வரிசையில் இருக்கும்
உன் அக்கா.